பரணில் கிடக்கும் மடிக்கணினியும் பார்மட் வைத்தியமும்

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்தில் பல வீட்டுப் பரண்களில் கையை விட்டுத் துழாவினால் இப்போது ஒரு மடிக்கணினி அகப்படும். மகனோ மகளோ பிளஸ் டூ படித்தபோது அரசு கொடுத்தது. மூடியில் அன்றைய முதல்வர் ஜெயலலிதா அம்மையார் படம் இருக்கும். படித்த பிள்ளை திருப்பூருக்கோ சென்னைக்கோ வேலைக்குப் போய்விட்டது, கணினி பரணுக்குப் போய்விட்டது. "ஏன் இப்படிச் சும்மா கிடக்கு?" என்று கேட்டால், "ஆன் ஆகல சார், போர்டு போயிருச்சாம்" என்பார்கள். யார் சொன்னது என்றால், "கடைல சொன்னாங்க." அடுத்தது பழைய இரும்புக்காரர்தான். முன்பு பேரீச்சம்பழம் கொடுப்பார்கள், இப்போது எடை போட்டுக் காசு கொடுக்கிறார்கள். அவ்வளவுதான் வித்தியாசம்.

இதில் எனக்கு உடன்பாடு இல்லை. அப்படி "போனதாக" என்னிடம் வந்த மடிக்கணினிகள் பலவற்றில் போர்டு நன்றாகத்தான் இருந்தது. தொடக்கம்தான் தடைப்பட்டிருந்தது. கிளம்பாத வண்டியும் உடைந்த வண்டியும் ஒன்றல்ல. இந்த வித்தியாசம் தெரியாததால் நம் வீடுகளில் படமும் பாடமும் சான்றிதழும் அழிந்துகொண்டிருக்கின்றன. கணினி நல்லபடியாக ஓடும்போதே ஒரு பூட் பென் டிரைவ் செய்து, அது கிளப்புகிறதா என்று சோதித்தும் வைத்துக்கொண்டால் இந்த இழப்பில் பெரும்பகுதி இருக்காது. அதைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

முதலில், "பூட்" என்றால் என்ன?

நம் பக்கம் கிணறு வைத்திருப்பவர்களுக்கு இதை விளக்குவது சுலபம். மேட்டில் வைத்த மோட்டார் பம்புக்குச் சுவிட்சைப் போடுகிறீர்கள். மோட்டார் சத்தம் வருகிறது, தண்ணீர் வரவில்லை. மோட்டார் எரியவில்லை, கிணறும் வற்றவில்லை. அடியில் இருக்கும் ஃபுட் வால்வு கசிந்து, குழாயில் நின்ற தண்ணீர் இறங்கிக் காற்று புகுந்துவிட்டது. என்ன செய்வீர்கள்? பம்பின் வாயில் குடம் குடமாகத் தண்ணீரை ஊற்றிக் காற்றை வெளியேற்றிவிட்டு மறுபடி சுவிட்சைப் போடுவீர்கள். பிடித்துக்கொள்ளும். தண்ணீர் எடுக்கவே கொஞ்சம் தண்ணீர் தேவைப்படுகிறது.

கணினியும் அப்படித்தான். நிரல்களை நினைவகத்துக்கு ஏற்ற ஒரு நிரல் வேண்டும். அந்த நிரலை யார் ஏற்றுவது? அதற்காகப் போர்டிலேயே ஒரு சில்லில் சின்ன நிரல் ஒன்றை எழுதி வைத்திருக்கிறார்கள். பழைய கணினிகளில் அதற்கு பயாஸ் என்று பெயர், புதியவற்றில் யூஇஎஃப்ஐ. சுவிட்சைத் தட்டியதும் அது எழுந்து, ரேம் இருக்கிறதா, விசைப்பலகை இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, "அடுத்து யாரை எழுப்ப வேண்டும்?" என்று தன்னிடமுள்ள வரிசைப் பட்டியலைப் புரட்டும். வன்தட்டா, பென் டிரைவா, சிடியா? தன் சப்பாத்தின் வாரைத் தானே பிடித்துத் தன்னைத் தூக்கிக்கொள்வது என்று ஆங்கிலத்தில் ஒரு வேடிக்கைப் பேச்சு உண்டு. பூட் என்ற சொல் அதிலிருந்து வந்தது.

பயாஸ் முறையில், வட்டின் முதல் 512 பைட்டுகளை மட்டும் படிப்பார்கள். அதன் கடைசி இரண்டு பைட்டுகளில் ஒரு முத்திரை இருக்க வேண்டும். முத்திரை இருந்தால் கிளப்பும் வட்டு, இல்லாவிட்டால் வெறும் வட்டு. யூஇஎஃப்ஐ முறை வேறு. அது ஒரு குறிப்பிட்ட அடைவில் குறிப்பிட்ட பெயருள்ள கோப்பைத் தேடும். இரண்டும் இரண்டு பூட்டு, இரண்டு சாவி. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

நான் மில்லில் மின்பராமரிப்புப் பகுதியில் இருந்தவன். 90களில் அலுவலகத்தில் வைத்திருந்த கணினிக்கும் எங்களைத்தான் கூப்பிடுவார்கள். மோட்டாரும் கரண்டில்தான் ஓடுகிறது, கணினியும் கரண்டில்தான் ஓடுகிறது, ஆகவே இரண்டும் ஒரே ஆள் வேலை என்பது மேலாளரின் கணக்கு. பெரும்பாலும் கோளாறு ஒன்றே ஒன்றுதான். கணக்கர் முந்தின நாள் சாயங்காலம் ஃபிளாப்பியை எடுக்காமல் போயிருப்பார். காலையில் சுவிட்சைப் போட்டால் கணினி அந்த ஃபிளாப்பியில் டாஸின் தொடக்கக் கோப்புகளைத் தேடும், கிடைக்காது. "நான்-சிஸ்டம் டிஸ்க்" என்று எழுதிக் காட்டிவிட்டு நின்றுவிடும். ஃபிளாப்பியை வெளியே எடுத்து ஒரு விசையைத் தட்டினால் போதும். இதற்கு ஒரு ஆள் மெஷின் ஹாலிலிருந்து ஓடி வரவேண்டும்!

அப்போதே பூட் ஃபிளாப்பி ஒன்றைத் தனியாகச் செய்து மேசையில் பூட்டி வைத்திருந்தோம். பஞ்சுத் தூசி பறக்கிற இடம். டிரைவுக்குள் தூசி படிந்து, நேற்று படித்த ஃபிளாப்பியை இன்று படிக்காது. அதனால் ஒன்றுக்கு இரண்டாக வைத்திருப்போம், மாதம் ஒருமுறை போட்டும் பார்ப்போம். புதிதாக வந்த பையன்கள் டாஸ் கோப்புகளை வெறுமனே காப்பி செய்துவிட்டு "பூட் டிஸ்க் ரெடி சார்" என்பார்கள். அது கிளம்பாது. வெறும் காப்பியில் தொடக்கத்துக்கு வேண்டியதெல்லாம் போய்ச் சேராதே. அதற்கென்று 'சிஸ்' என்ற கட்டளை தனியாக உண்டு.

30 வருடம் ஆயிற்று. ஃபிளாப்பி போய் பென் டிரைவ் வந்தாயிற்று. அதே கோளாறு மட்டும் அப்படியே இருக்கிறது. இணையத்திலிருந்து இறக்கிய ஐஎஸ்ஓ கோப்பைப் பென் டிரைவில் இழுத்துப் போட்டுவிட்டு, "தாத்தா, இது பூட் ஆகல" என்று பேரப் பிள்ளைகள் வருகிறார்கள். அதை இழுத்துப் போடக் கூடாது. ரூஃபஸ், எட்சர் போன்ற ஒரு நிரலைக் கொண்டு எழுத வேண்டும். அப்போதுதான் அது கிளப்பும்.

இனி அரசு மடிக்கணினிக்கு வருகிறேன். 2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாளன்று அந்தத் திட்டம் தொடங்கியது. நெசவாளர் வீடு, கூலி வேலைக்குப் போகிற வீடு, கரிமூட்டம் போடுகிற வீடு என்று பார்த்தால் அநேகருக்கு அதுதான் முதல் கணினி. ஆரம்பத்தில் வந்தவற்றில் சுவிட்சைத் தட்டியதும் "விண்டோஸா, பாஸ் லினக்ஸா?" என்று ஒரு பட்டியல் கேட்கும். பாஸ் என்பது சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கிய இந்திய லினக்ஸ். டெபியன் என்ற லினக்ஸை அடிப்படையாகக் கொண்டது, தமிழிலும் ஓடும். அதற்கு முன்பே, உமாசங்கர் ஐ.ஏ.எஸ். எல்காட் நிர்வாக இயக்குநராக இருந்தபோது சூசே லினக்ஸைப் புகுத்தியிருந்தார்கள். ஆக, லினக்ஸ் நம் மாநிலத்துக்குப் புதிது இல்லை. ஆனால் பிள்ளைகள் முதல் வேலையாகக் கடைக்குக் கொண்டுபோய் விண்டோஸை மட்டும் புதிதாகப் போட்டுக்கொண்டார்கள். விண்டோஸ் தன் தொடக்கத்தை மேலே எழுதிவிடும். பட்டியல் மறைந்துபோகும். உள்ளே பாஸ் அழியாமல் இருந்தாலும் கூப்பிட ஆள் இருக்காது.

சில மாதங்களுக்கு முன் எங்கள் தெருவில் ஒரு நெசவாளர் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். அந்த வீட்டுக்காரர் காலமாகிவிட்டார். மகள் கல்லூரியில் படித்தபோது, ஒரு புராஜெக்டுக்காக அப்பா தறியில் உட்கார்ந்து பாவு இழை சேர்ப்பதையும் நெய்வதையும் அவர் பேச்சோடு வீடியோ எடுத்து வைத்திருக்கிறது. அவர் குரல் இருப்பது அந்த ஒரு இடத்தில்தான். மடிக்கணினி கிளம்பவில்லை. கடையில், "போர்டு கம்ப்ளைன்ட். பார்மட் பண்ணிப் பாப்போம், டேட்டாவுக்குக் கேரண்டி இல்ல" என்றிருக்கிறார்கள். போர்டு போயிருந்தால் எப்படிப் பார்மட் செய்வது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. அந்தம்மா, "அண்ணே, அழிக்கிறதுக்கு முன்னாடி நீங்க ஒரு கை பாருங்களேன்" என்று கொண்டுவந்தார்.

சார்ஜரைச் செருகினேன், விளக்கு எரிந்தது. சுவிட்சைத் தட்டினேன், கம்பெனிப் பெயர் திரையில் வந்தது. இந்த இடத்திலேயே பாதி நிம்மதி. பெயர் வந்துவிட்டால் போர்டு உயிரோடு இருக்கிறது, ரேம் இருக்கிறது, திரை இருக்கிறது. பிறகுதான் கறுப்புத் திரையில் "பூட் செய்ய எதுவும் இல்லை" என்று ஆங்கிலத்தில் வந்தது. என் பூட் பென் டிரைவைச் செருகினேன். அதுவும் கிளம்பவில்லை. அந்தப் பெண், "உங்க பென் டிரைவும் போச்சா மாமா?" என்றது. அதே பென் டிரைவை என் கணினியில் போட்டுக் காட்டினேன், கிளம்பியது. வட்டும் கிளம்பவில்லை, நல்ல பென் டிரைவும் கிளம்பவில்லை என்றால் இரண்டுக்கும் பொதுவான ஒன்றைத்தான் சந்தேகிக்க வேண்டும். F2 விசையை அழுத்தி அமைப்புப் பக்கத்துக்குள் போனேன். தேதி 2013 ஜனவரி 1 என்று காட்டியது.

அதுதான் துப்பு. போர்டில் சட்டைப் பொத்தான் போல ஒரு வட்ட பேட்டரி உண்டு. கணினி அணைந்திருக்கும்போதும் கடிகாரத்தை ஓட்டுவது அதுதான், பல கணினிகளில் அமைப்புகளைக் காப்பதும் அதுதான். பரணில் வருடக்கணக்கில் கிடந்ததில் பெரிய பேட்டரியும் போய், இதுவும் தீர்ந்துபோனது. தேதி பின்னுக்குப் போனது போலவே மற்ற அமைப்புகளும் கம்பெனியில் வைத்தபடி திரும்பிவிட்டன. கம்பெனி வைத்தது யூஇஎஃப்ஐ மட்டும். அந்த வட்டிலோ எல்லாம் பழைய பயாஸ் முறையில் போட்டது. என் பென் டிரைவும் பழைய முறையில் செய்தது. பூட்டு மாறியிருக்கிறது, சாவிகள் இரண்டும் பழைய பூட்டுக்கானவை. அமைப்பில் 'லெகசி' என்று மாற்றிச் சேமித்தேன். விண்டோஸ் கிளம்பிவிட்டது. முதல் வேலையாக வீடியோக்களை இரண்டு இடத்தில் காப்பி எடுத்தோம். அப்புறம் அந்த வட்ட பேட்டரியை மாற்றினோம், பெரிய செலவு ஒன்றுமில்லை.

கடைக்காரர்களை ஏமாற்றுக்காரர்கள் என்று நான் சொல்லவில்லை. அவர்கள் பாடு எனக்குத் தெரியும். கொண்டுவருகிறவர், "சாயங்காலம் வேணும், முந்நூறு ரூபாய்க்கு மேல தரமாட்டேன்" என்கிறார். நின்று நிதானமாகத் துப்புத் துலக்க அந்தக் கூலி கட்டுமா? பார்மட் என்றால் வேலை நிச்சயம், கணினி கிளம்புவது நிச்சயம். ஆனால் அது வைத்தியம் இல்லை. தலைவலி என்று வந்தவருக்கு மொட்டை அடித்து அனுப்புவது மாதிரி. அதைக் கேட்க வேண்டியவர்கள் நாம். "முதல்ல உள்ள இருக்கிறத எடுத்துக் குடுங்க, அதுக்குத் தனியாக் காசு வாங்கிக்கங்க, அப்புறம் பார்மட்" என்று சொல்லிவிட்டுக் கொடுக்க வேண்டும்.

உள்ளே இருப்பதை எடுக்கத்தான் பூட் பென் டிரைவ். லினக்ஸை அதில் எழுதி வைத்திருந்தால், எதையும் நிறுவாமல் பென் டிரைவிலிருந்தே ஓட்டலாம். வட்டை அது தொடாது. வட்டில் இருக்கும் படங்களைத் திறந்து, இன்னொரு பென் டிரைவுக்கு நகல் எடுத்துக்கொண்டு அணைத்துவிடலாம். வட்டு 'டக் டக்' என்று சத்தம் போட்டால் மட்டும் விஷயம் வேறு. அது தேய்மானக் கோளாறு, திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தால் இருப்பதும் போகும்.

அந்தப் பென் டிரைவே கிளம்பவில்லை என்றால் எங்கே பார்ப்பது? வரிசையில் வன்தட்டு முதலில் இருந்தால் பென் டிரைவைத் திரும்பியும் பார்க்காது. சுவிட்சைத் தட்டியவுடன் F12 விசையை விட்டு விட்டுத் தட்டினால் லெனோவோ, டெல், ஏசர் மடிக்கணினிகள் பெரும்பாலும் "எதிலிருந்து?" என்று கேட்கும். எச்பி என்றால் F9. ஏசரில் பல மாடல்களில் அந்த F12 பட்டியலையே அமைப்புப் பக்கத்தில் போய் இயக்கினால்தான் வரும். இதை அறியாமல் பென் டிரைவைக் குப்பையில் போட்டவர்கள் உண்டு. அடுத்தது நான் சொன்ன பூட்டுச் சாவிக் கதை. எழுதும்போதே ரூஃபஸ் எந்த முறைக்கு என்று கேட்கும், அவசரத்தில் 'சரி' 'சரி' என்று தட்டிக்கொண்டு போகாதீர்கள். மூன்றாவது, சந்தையில் சல்லிசாக 64 ஜி.பி. என்று விற்கிற பென் டிரைவ். உள்ளே அவ்வளவு இடம் இருக்காது, எழுதும், திரும்பப் படிக்காது. சந்தைச் சாமானில் சிக்கனம் பிடிக்கலாம், இதில் வேண்டாம்.

"போன்லயே எல்லாம் நடக்குது, இந்தப் பழைய பெட்டிய எழுப்பி என்ன செய்ய?" என்று என் மைத்துனர் கேட்கிறார். நியாயமான கேள்விதான். விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரி 14-உடன் பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுவிட்டன. விண்டோஸ் 10-க்கும் 2025 அக்டோபர் 14-உடன் வழக்கமான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில் கேட்கிறார்கள், அந்தக் காலத்து அரசு மடிக்கணினியில் அது எங்கே இருக்கப் போகிறது? ஆகவே பழைய விண்டோஸோடு இணையத்தில் போய் வங்கிக் கணக்கைத் திறக்காதீர்கள் என்றுதான் நானும் சொல்வேன். ஆனால் ஆன்டிஎக்ஸ் போன்ற எடை குறைந்த லினக்ஸ் 2 ஜி.பி. ரேமிலும் நகரும். எட்டாம் வகுப்புப் பிள்ளை தமிழ்த் தட்டச்சு பழக, மனு எழுத, பழைய படங்களைப் பார்க்க அது போதும். போனில் ஒரு பக்க மனுவை அடித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும் அந்த அவஸ்தை.

இது பட்டிக்காட்டுப் பிரச்சினை என்றும் நினைக்க வேண்டாம். 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய ஒரு பழுதான கோப்பால் உலகம் முழுக்க விண்டோஸ் கணினிகள் கிளம்பாமல் நின்றன. 85 லட்சம் கணினிகள் என்று மைக்ரோசாஃப்ட் கணக்குச் சொன்னது. நம் நாட்டு விமான நிலையங்களில் கையால் எழுதிய போர்டிங் பாஸ் கொடுத்தார்கள். கிளம்பாத கணினிக்கு இணையம் வழியாக மருந்து அனுப்ப முடியுமா? ஆள்தான் ஒவ்வொன்றின் முன்னாலும் போய் உட்கார்ந்து அந்தக் கோப்பை அழிக்க வேண்டியிருந்தது. அதற்காக மைக்ரோசாஃப்ட் என்ன வெளியிட்டது தெரியுமா? பூட் பென் டிரைவ் செய்யும் ஒரு கருவி! எங்கள் மில் மேசையில் பூட்டி வைத்திருந்த ஃபிளாப்பியின் பேரப் பிள்ளை.

அந்த நாளில் இன்னொரு சிக்கலும் தெரிந்தது. வட்டைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் உள்ள கணினிகளில் 48 இலக்க எண் கேட்டது. எண்ணைக் குறித்து வைக்காதவர்கள் விழித்தார்கள். பூட்டும் தேவைதான், மறுக்கவில்லை. பூட்டாத வட்டை எவன் வேண்டுமானாலும் ஒரு பென் டிரைவைச் செருகித் திறந்து பார்த்துவிடலாம். இப்போது வரும் விண்டோஸ் 11 கணினிகள் பலவற்றில் நமக்குத் தெரியாமலே வட்டு பூட்டப்பட்டிருக்கிறது. அந்த 48 இலக்கம் நம் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். அதைப் பார்த்து ரேஷன் கார்டு வைக்கிற இடத்தில் ஒரு தாளில் எழுதி வைக்க வேண்டும். எழுதி வைக்காமல் அமைப்புப் பக்கத்தில் எதையும் மாற்றக் கூடாது.

2025-26 நிதிநிலை அறிக்கையில், 2 ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்குக் கைக்கணினியோ மடிக்கணினியோ தரப்படும் என்று அறிவித்தார்கள். நல்ல காரியம். பையும் சார்ஜரும் கொடுக்கிறார்கள். கூடவே ஒரு பூட் பென் டிரைவையும், எந்த விசையை அழுத்த வேண்டும் என்று தமிழில் ஒரு பக்கத் தாளையும் கொடுத்தால் என்ன? மொத்தமாக வாங்கினால் கணினி விலையில் அது எம்மாத்திரம்? அரசு கொடுக்காவிட்டாலும், பள்ளியில் பிளஸ் ஒன் கணினி அறிவியல் பாடத்தில் இரண்டு பீரியடு ஒதுக்கிப் பிள்ளைகளையே செய்ய வைக்கலாம். கிளை நூலகங்களில் புத்தகம் இரவல் தருவது போல ஒரு பூட் பென் டிரைவை இரவல் தரலாம். திருச்சுழியில் அப்படி ஒன்று இருந்தால், இதற்காக ஒருவர் அருப்புக்கோட்டைக்கு பஸ் ஏற வேண்டியதில்லை.

அதுவரைக்கும் வீட்டில் செய்து வைத்துக்கொள்ளுங்கள். 8 ஜி.பி. பென் டிரைவ் போதும். அதில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும், ஆகவே கல்யாணப் படம் உள்ளதை எடுத்துவிடாதீர்கள். பேரன் பேத்தி லீவுக்கு வரும்போது செய்யச் சொல்லுங்கள். செய்ததும் அவர்கள் கண் முன்னாலேயே ஒருமுறை அதிலிருந்து கிளப்பிப் பாருங்கள். எந்த விசை, எந்த முறை என்பதை ஒரு பிளாஸ்திரியில் எழுதி மடிக்கணினியின் அடியில் ஒட்டிவிடுங்கள். பரணில் இருப்பதை இறக்கினால் முதலில் தேதியைப் பாருங்கள். பேட்டரி போன மடிக்கணினியில் கரண்டு போய் வருகிற நேரத்தில் எதையும் எழுதவோ நிறுவவோ வேண்டாம், பாதியில் நின்றால் மறுபடி முதலிலிருந்து. எங்கள் பக்கம் ஷட்டவுன் அறிவிப்பு முந்தின நாள் பேப்பரிலேயே வந்துவிடும், அதைப் பார்த்துவிட்டு உட்காருங்கள்.